நெருக்கமான ஜெபக்குழு வெளியே பார்க்க மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆறேழு குடும்பங்கள் பல வருடமாக ஒரே வீட்டுக் கூடத்தில் கூடி வருகிற ஜெபக்குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பகுதி ஜெபக்கூட்டம் என்பார்கள், கத்தோலிக்கத் திருச்சபையில் அன்பியம், பெந்தெகொஸ்தே சபைகளில் செல் குரூப் அல்லது வீட்டுக்கூட்டம். பெயர் எதுவானாலும் குணம் ஒன்றுதான். யாருக்குச் சர்க்கரை, யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டுக் காபி நன்றாக இருக்கும் என்பது வரை எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் மற்றவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவார்கள். இந்த நெருக்கத்தைக் குறைத்தால்தான் குழு வெளியே பார்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் கப்பர்நகூம் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இயேசு சொல்லும் வசனத்தைக் கேட்க வந்தவர்கள்தான். ஆனாலும் திமிர்வாதக்காரனை அவரிடம் சுமந்துவந்த நான்கு பேர் கூரையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. நம் குழுக்களிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அதனால் புதிதாக ஒரு நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் அடிப்பதற்கு முன், இப்போது நடக்கிற கூட்டத்தில் எது வாசலை அடைக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் குழுவுக்குப் பொருந்துகிற அறிகுறியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பெரியவர்கள் கோபித்துக்கொள்வதும் நிச்சயம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை

ஜெபக்குறிப்பு நோட்டை எடுங்கள். நோட்டு இல்லாத குழுவில் வாட்ஸ்அப் இருக்கும். கடைசி இரண்டு மாத விண்ணப்பங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘குழு’, ‘உறவு’, ‘வெளி’ என்று குறியுங்கள். மகனின் விசா, மருமகளின் பிரசவம், வீட்டுக் கடன், டிரான்ஸ்ஃபர், முட்டி வலி எல்லாம் முதல் இரண்டில் போய்விடும். ரத்த உறவும் இல்லாமல், நம் சபையும் இல்லாமல், பெயர் சொல்லி எழுதப்பட்ட ஆள் யாராவது இருந்தால் அது ‘வெளி’. அந்தப் பத்தி காலியாக இருந்தால் முதல் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். அதில் பெயர்கள் இருந்தும் கூடத்தில் புதிய முகம் இல்லையென்றால் இரண்டாவதற்குப் போங்கள்.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டாம். குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.

அறிகுறி: விண்ணப்பம் எல்லாம் நம் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது

காரணம் பெரும்பாலும் கேட்கப்படுகிற கேள்வியில் இருக்கிறது. நடத்துகிறவர் “யாருக்கு என்ன விண்ணப்பம்?” என்று கேட்கிறார். அப்படிக் கேட்டால் அவரவர் தன் வீட்டைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதில், “இந்த வாரம் யாரைப் பார்த்தீங்க? அவங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் அமைதியாக இருக்கும். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரின் மனைவிக்கு டயாலிசிஸ் என்று தொடங்குவார். அந்தக் கேள்வியை விடாமல் கேளுங்கள். சொந்த விண்ணப்பங்களை நிறுத்த வேண்டாம், அவை இரண்டாவது சுற்றுக்குப் போகட்டும்.

“நாட்டுத் தலைவர்களுக்கு ஞானம் தாரும்” என்ற ஜெபம் வெளியே பார்ப்பதாகத் தோன்றும். நல்ல ஜெபம்தான், ஆனால் அதில் முகம் இல்லை. எரேமியா 29:7-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், நீங்கள் கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் நலனைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்படுகிறது. சென்னைப் புறநகரில் வீடு கட்டி இருபது வருடம் ஆன திருநெல்வேலி, கன்னியாகுமரிக் குடும்பங்களுக்கு இது சுடும். சொந்த ஊர்த் தேவாலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் காணிக்கை தவறாமல் போகும். குடியிருக்கிற வார்டில் இருக்கிற மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரின் பெயர் கேட்டால் தெரியாது. அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு வருவதை ஒருவருக்கு வேலையாகக் கொடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. “ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்” என்று தொடங்கும் வாக்கியம் பாதி நேரம் வம்பில் முடிகிறது. அடுத்தவர் கஷ்டத்தைக் கூட்டத்தில் சொல்வதற்கு ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஆள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு சொல்வீர்களோ, அவ்வளவுதான் சொல்லலாம்.

அறிகுறி: புதியவர் ஒருமுறை வந்தார், அப்புறம் வரவில்லை

அவரிடமே கேட்டால் “வேலை இருந்துச்சு” என்பார். மரியாதைக்குச் சொல்வது. அதை விட்டுவிட்டு, அவர் கண்ணால் அந்த மாலையை ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஆறரை மணி என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் ஆறரைக்கு வந்தார், நீங்கள் ஏழேகாலுக்குத் தொடங்கினீர்கள். பாட்டுப் புத்தகம் இல்லை, எல்லாருக்கும் மனப்பாடம். மூன்று கீர்த்தனை முடியும்வரை அவர் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் “ஆபகூக் இரண்டாம் அதிகாரம் எடுத்துக்கோங்க” என்றார்கள். சிறு வயது முதல் சண்டே ஸ்கூல் போனவர்களே பொருளடக்கம் பார்க்கிற புத்தகம் அது. அடுத்து, வரிசையாக ஒவ்வொருவரும் சாட்சி சொல்ல வேண்டும். தன் முறை நெருங்க நெருங்க அவருக்கு வியர்த்தது. ஆமென் சொன்னதும் பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள், ஆண்கள் திண்ணைக்குப் போய் பாஸ்டரேட் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) தேர்தலைப் பேசினார்கள். அவர் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை விரட்டவில்லை. ஆனால் இன்னொரு வெள்ளிக்கிழமை அங்கே வர அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

இவற்றில் பாதியை ஒரே வாரத்தில் சரிசெய்யலாம். ஒரே பதிப்பு வேதாகமம் ஐந்தாறு வாங்கிக் கூடத்தில் வையுங்கள். அப்போது பக்க எண் சொல்ல முடியும், அதிகாரம் தேடி யாரும் தவிக்க வேண்டாம். பாட்டு வரிகளை அச்செடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் போனில் அனுப்புங்கள். சாட்சியும் ஜெபமும் வட்டமாகப் போவதை நிறுத்தி, விருப்பம் உள்ளவர் சொல்லட்டும் என்று விடுங்கள். முதல்முறை வந்தவரை வாய்விட்டு ஜெபிக்கச் சொல்லவே கூடாது. சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், இரண்டு பேர்தான் வந்திருந்தாலும் சரி.

ஆமெனுக்குப் பிறகு வரும் பத்து நிமிடம்தான் பிரசங்கத்தைவிட முக்கியம் என்பது என் கருத்து. அந்தப் பத்து நிமிடத்தில் நமக்குக் குறைவாகத் தெரிந்தவரிடம் பேசுவது என்று குழுவாக முடிவெடுங்கள். கமிட்டித் தேர்தல் எங்கேயும் ஓடிப்போகாது.

சிலர் ஆறு மாதம் வந்துவிட்டு மெதுவாகக் காணாமல் போவார்கள். இதற்கு மருந்து வேறு. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. சபை அதற்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆள் எடுத்துப் பந்தியையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. நம் குழுவில் புதியவருக்கு என்ன பொறுப்பு கொடுக்கிறோம்? நாற்காலி அடுக்குவது. அதைவிட, காணிக்கைக் கணக்கைக் கொடுங்கள், அடுத்த மாதக் கூட்டத்தை அவர் வீட்டில் வையுங்கள், கேள்வி கேட்டு வேதபாடம் நடத்தும் முறையை ஒருநாள் அவரிடம் விடுங்கள். விருந்தாளியாகவே வைத்திருந்தால் ஒருநாள் விருந்தாளி கிளம்பத்தான் செய்வார்.

அறிகுறி: புதியவர்கள் வருகிறார்கள், ஆனால் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள்

இதைப் பற்றிக் கூட்டங்களில் பேசமாட்டோம். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதியவர் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, “உங்களுக்கு எந்த ஊர்?” ஊர் சொன்னால் தெரு, தெரு சொன்னால் அப்பா பெயர், அப்புறம் “அங்க எந்தச் சபை?” இந்தக் கேள்விகள் சாதியைத்தான் தேடுகின்றன என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது, பலர் சபையை விட்டே போனார்கள். அன்று வெளிப்படையாகச் சண்டை போட்டார்கள். இன்று நமக்குக் கேள்வி மட்டும் நாகரிகமாகிவிட்டது.

முதல் திருத்தம் எளிது. கேள்வியை மாற்றுங்கள். “இந்தப் பக்கம் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?”, “பசங்க எங்க படிக்கிறாங்க?”, “வேலை எப்படிப் போகுது?” இதில் எதற்கும் சாதி தேவைப்படாது. குழுவில் பெரியவர் ஒருவர் பழக்கதோஷத்தில் ஊரைத் தோண்டத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் பேச்சை மாற்ற வேண்டும். இதை முன்கூட்டியே இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் கடினம். கடந்த ஒரு வருடத்தில் யார் யார் வீட்டில் கூட்டம் நடந்தது என்று பாருங்கள். யாருடைய வீட்டில் நடக்கவே இல்லை? “சின்ன வீடு, இடம் பத்தாது” என்பது வழக்கமான பதில். சரி, அடுத்த மாதம் அங்கேதான் கூட்டம். பாதிப் பேர் படிக்கட்டில் உட்காரட்டும். கூட்டம் முடிந்து அந்த வீட்டுச் சாப்பாட்டை எல்லாரும் அங்கேயே சாப்பிட வேண்டும். யாராவது “வயிறு சரியில்லை” என்று தட்டை ஒதுக்கினால், ஒருமுறை நம்பலாம். இரண்டாவது முறையும் அந்த வீட்டில் மட்டும் வயிறு சரியில்லை என்றால், குழு நடத்துகிறவர் அவரைத் தனியாகப் பார்த்து நேராகவே பேச வேண்டும். அதற்குப் பொதுவான பிரசங்கம் மருந்தாகாது. யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், ஏழைக்குப் பாதபடி அருகே இடம் என்று எழுதியிருப்பதை நாம் எப்போதும் பக்கத்துச் சபைக்குத்தான் பொருத்திப் படிக்கிறோம்.

பல குழுக்கள் வரன் பார்க்கும் வலைப்பின்னலாகவும் இருக்கின்றன. குழுவைக் கட்டி வைத்திருக்கிற கயிறுகளில் அதுவும் ஒன்று. அதை ஒரே நாளில் அறுக்க முடியாது. ஆனால் கூட்ட நேரத்திலும் குழுவின் வாட்ஸ்அப்பிலும் ஜாதகம் மாதிரி பயோடேட்டா சுற்றக்கூடாது என்று சொல்ல முடியும். வெளியிலிருந்து வந்தவர் அதை ஒருமுறை பார்த்தால் போதும், இது யாருக்கான குழு என்று புரிந்துகொள்வார்.

அறிகுறி: கூட்டம் நடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார்

இதை உபத்திரவம் என்று ஜெபக்குறிப்பில் எழுதுவதற்கு முன் வண்டிகளைப் பாருங்கள். எட்டு பைக் அவர் கேட் முன்னால் நிற்கிறது. அடுத்து மைக். பதினைந்து பேர் உட்கார்ந்த கூடத்துக்கு மைக் எதற்கு? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அவர் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறதா என்று ஒருமுறை கேட்டிருக்கிறோமா? மார்ச் மாதம் முழுக்கப் பாட்டைக் குறைத்துக்கொள்கிறோம் என்று போய்ச் சொல்லுங்கள். எந்த நற்செய்தித் துண்டுப்பிரதியும் செய்யாத வேலையை அது செய்யும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் வீட்டிலிருந்து வரும் தட்டை என்ன செய்கிறீர்கள் என்பதும் இதில் சேர்ந்ததுதான். வாங்கும்போதே வாசலில் நின்று “படைச்சதா?” என்று விசாரிக்கிறவர்கள் உண்டு. பவுல் 1 கொரிந்தியர் 10-இல், விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால், வைத்ததைச் சாப்பிடு, மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரிக்காதே என்கிறார். இது படைக்கப்பட்டது என்று அவர்களே சொன்னால் மட்டும் வேறு பேச்சு. அவரவர் மனச்சாட்சியில் நான் தலையிடவில்லை. ஆனால் முகம் கோணாமல் வாங்கவும், வெறும் தட்டைத் திருப்பித் தராமல் இருக்கவும் எல்லாராலும் முடியும்.

அறிகுறி: டிசம்பரில் மட்டும் வெளியே போகிறோம்

கேரல் ரவுண்ட்ஸ் போகிறோம், அதுவும் சபைக் குடும்பங்களின் வீடுகளுக்கு மட்டும். முதியோர் இல்லத்துக்குக் கேக்கும் பெட்ஷீட்டும் கொண்டுபோய், வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, ஸ்டேட்டஸ் போடுகிறோம். அதே வாரத்தில் நம்மைப் போல நாலு குழு அங்கே வந்துபோயிருக்கும். பிப்ரவரியில் ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லை.

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரு வருடத்துக்கு அதை மாற்றாதீர்கள். முதல்முறை கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம். இல்லத்தை நடத்துகிறவரிடம் என்ன தேவை என்று கேட்டுவிட்டு வாருங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் என்பார்கள், அல்லது அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்பார்கள். ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்பதும், மருந்துக் கவுன்ட்டரில் காத்திருப்பதும், திரும்ப ஆட்டோ பிடிப்பதும் படத்தில் அழகாக வராத வேலைகள். குழுவில் ஓய்வுபெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தால் இதற்கு அவர்களே போதும். படம் எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச டியூஷன் என்பதும் நல்ல தொடக்கம். கதவு திறந்திருக்க வேண்டும், எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அங்கே என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

அறிகுறி: “வெளியேன்னா யார்கிட்ட போறது?” என்று கேட்கிறார்கள்

தெருவைச் சுற்றி ஒருமுறை நடங்கள், காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும். அம்பத்தூரிலோ திருப்பூரிலோ ஓசூரிலோ இருந்தால், டிபன் டப்பாவோடு வேலைக்குப் போகிற வடமாநில இளைஞர்களைப் பார்ப்பீர்கள். அவர்களில் சிலர் ஜார்க்கண்டின் சிம்டேகா, கும்லா மாவட்டங்களிலிருந்தோ, ஒடிசாவின் கஜபதி, கந்தமால் பக்கத்திலிருந்தோ வந்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கிற இடங்கள் அவை. நம் கூடத்துக்குக் கீழே உள்ள கட்டட வேலையில், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எங்கே போவது என்று தெரியாமல் ஒரு பையன் சிமென்ட் சுமந்துகொண்டிருக்கலாம். அவனை ‘வடக்கன்’ என்று சொல்லிவிட்டு மிஷனெரிகளுக்காக உருகி ஜெபிப்பது நமக்கு முரணாகவே தெரிவதில்லை. இந்தி தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அவரை முன்னால் விடுங்கள். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க, ஆதாரில் முகவரி மாற்ற, சம்பளம் பாக்கி வைத்த மேஸ்திரியிடம் பேச என்று தேவை நிறைய இருக்கும்.

வேலூர்க் குழுக்களுக்கு வேறு வாய்ப்பு உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிற குடும்பங்களுக்கு ஒருவேளை வீட்டுச் சாப்பாடு என்ன மதிப்பு என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி: உதவி செய்கிறோம், ஆனாலும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்

அரிசிப் பைக்குள் துண்டுப்பிரதி இருக்கிறதா? இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானது. பை கொடுத்தது எதற்காக என்று அவர்கள் கணக்குப் போடத்தான் செய்வார்கள். உதவியில் நிபந்தனை வேண்டாம், கூட்டத்துக்கு வந்தால்தான் அடுத்த மாதப் பை என்பது மறைமுகமாகக்கூட இருக்கக்கூடாது. அதேநேரம் நாம் யார் என்பதை ஒளிக்கவும் வேண்டாம். “நாங்க இந்தத் தெருவுல ஜெபத்துக்குக் கூடுற குடும்பங்க” என்று சொன்னால் போதும். நம்பிக்கையைப் பற்றி அவர்களாகக் கேட்கும்போது வெட்கப்படாமல் சொல்லலாம். லூக்கா 14:12-14-இல் திருப்பி அழைக்க முடியாதவர்களையே விருந்துக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறது. ‘சபைக்கு வருவார்கள்’ என்பதும் ஒருவகையில் திருப்பிக் கிடைப்பதுதானே.

அறிகுறி: “இதைத் திறந்துவிட்டால் எங்க ஐக்கியமே போயிடும்”

இதைச் சொல்கிறவர்களைச் சுயநலக்காரர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கூடத்தில்தான் ஒருவர் கணவரின் குடியைச் சொல்லி அழுதிருக்கிறார். இன்னொருவர் மகனின் விவாகரத்தைச் சொந்த அண்ணனுக்கும் முன்னால் இங்கேதான் சொன்னார். புதிய ஆள் வந்து உட்கார்ந்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். பயம் உண்மையானது.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வேலையை ஒரே கூட்டத்தில் செய்யப் பார்க்கிறோம். மனதைத் திறந்து அழுவதற்கு இரண்டு மூன்று பேர் போதும், அதற்கு நம்பிக்கை வேண்டும். சேர்ந்து பாடுவதற்கும் படிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் எத்தனை பேர் வந்தாலும் பாதகமில்லை. எனவே வாரக்கூட்டத்தைத் திறந்த கூட்டமாக வைத்துக்கொண்டு, அதற்குள் இரண்டிரண்டு, மும்மூன்று பேராகத் தனியாகச் சந்திக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பெண்கள் மாலை நடைப்பயிற்சியில், ஆண்கள் சனிக்கிழமை காலை டீக்கடையில், எப்படி வசதியோ அப்படி. ரகசியம் அங்கே போகட்டும். இது அமைந்த பிறகுதான் கதவைத் திறக்கும் பேச்சையே எடுக்க வேண்டும். வரிசை மாறினால், பயந்தவர்கள் சொன்னதே நடக்கும்.

புதியவர்கள் வந்த பிறகு சில மாதங்கள் எல்லாருக்கும் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். பழைய நகைச்சுவைக்குப் பாதிப் பேர் சிரிக்கமாட்டார்கள். அதைப் பார்த்துத் திட்டம் தோற்றுவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம்.

அறிகுறி: “எங்களுக்கே நேரமில்லை”

உண்மைதான். ஞாயிறு ஆராதனை, பெண்கள் ஐக்கியம், பாடகர் குழுப் பயிற்சி, லெந்து (தவக்கால) நாட்களில் தினசரிக் கூட்டம் என்று ஏற்கெனவே வாரம் நிரம்பியிருக்கிறது. அதன்மேல் இன்னொரு நாளைக் கேட்காதீர்கள். மாதத்தில் நான்கு வெள்ளிக்கிழமை கூடினால், ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தை ரத்து செய்துவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தில் வெளியே போங்கள். “ஜெபத்தை நிறுத்தலாமா?” என்ற கேள்வி வரும். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்ட் ‘வகுப்புகள்’ என்ற சிறு குழுக்கள் தொடங்கியது கட்டடக் கடனை அடைக்க. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர், அவர் வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும். போன இடத்தில்தான் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரிந்தது, மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி அதன் மதிப்பை உடனே கண்டுகொண்டார். எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது அதற்கு அப்புறம் வந்த வசதி.

வெளியே போகவே முடியாதவர்களும் குழுவில் இருப்பார்கள். மிசோரம் சபைகளில் 1910-லிருந்து ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து மிஷன் பணிக்குக் கொடுக்கிறார்கள். நம் பக்கத்துக் கிராமச் சபைகளிலும் பிடியரிசி பழகிய விஷயம்தான். மூட்டுவலிக்காரப் பாட்டிக்கும் இதில் பங்கு உண்டு.

அறிகுறி: குழு பெருத்துவிட்டது, பிரிக்கலாம் என்றால் அழுகிறார்கள்

பாதிப் பாதியாக வெட்டினால் அழத்தான் செய்வார்கள். வெட்ட வேண்டாம், அனுப்புங்கள். அப்போஸ்தலர் 13-இல் அந்தியோகியா சபை தன்னிடம் இருந்தவர்களில் பர்னபாவையும் சவுலையும் கைவைத்து அனுப்பியது. வேண்டாதவர்களைத் தள்ளிவிடவில்லை. மனமுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் அடுத்த தெருவில் தொடங்கட்டும், அவர்களில் ஒருவராவது நன்றாக நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை இரு குழுவும் சேர்ந்து சாப்பிடுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் இன்னும் காலம் வரவில்லை என்று விட்டுவிடலாம்.

எப்போது எதையும் தொடக்கூடாது

குழுவில் சமீபத்தில் ஒரு மரணம் நடந்திருந்தால், சபையில் பிளவு வந்து அடிபட்டு வந்த குழுவாக இருந்தால், அல்லது நடத்துகிறவரே கடனிலோ நோயிலோ தவித்துக்கொண்டிருந்தால், மேலே உள்ளதை எல்லாம் மடித்து வைத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் அவர்கள் உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது சரிதான். ஆறு மாதமோ ஒரு வருடமோ போகட்டும்.

இன்னொன்று, போதகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். “இதனால சபைக்கு எத்தனை பேர் சேர்ந்தாங்க?” என்று அவர் ஆண்டறிக்கை நேரத்தில் கேட்பார். முதல் வருடத்தில் பதில் அநேகமாகப் பூஜ்யமாக இருக்கும். ஓ.பி. வரிசையில் நின்றதை ஆண்டறிக்கையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவரையே கேட்டு வையுங்கள்.